பட்டறை மாப்பிள்ளை

எந்த நாட்டு விசாவைப் பற்றி வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். திறமைக்கு மதிப்பெண் போட்டுக் கூப்பிடுகிற நாடு எது, முதலாளி கூப்பிட்டால்தான் உள்ளே விடுகிற நாடு எது, ஒரு வருஷம் தருகிறேன் வந்து வேலை தேடிக்கொள் என்கிற நாடு எது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மற்றவர்கள் சம்பளம் எவ்வளவு, குடியுரிமை கிடைக்குமா, பிள்ளைகளுக்குப் படிப்பு இலவசமா என்று பார்த்து ஒப்பிடுவார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். குழந்தை பிறப்பதற்குள் அந்த விசா என்னைக் கொண்டுபோய் என் மனைவி பக்கத்தில் நிறுத்துமா, நிறுத்தாதா. மற்றதெல்லாம் எனக்குத் தூசு.

அவள் வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பது. அவள் கிளம்பும்போது, ஆறே மாதத்தில் நீயும் போய்விடலாம், புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் போய் இறங்கிய சூடு ஆறுவதற்குள் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். முதியோரைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் இனிமேல் தனியாகத்தான் வரவேண்டும், குடும்பம் கூடவே கூடாது, ஏற்கெனவே வந்தவர்களுக்கும் அதேதான். அவர்கள் வீட்டுப் பெரியவர்களைத் தூக்க எங்கள் வீட்டு ஆள் வேண்டும். எங்கள் வீட்டு ஆளுக்குத் துணையாக ஒருத்தரும் வரக்கூடாது. இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு முறை லீவில் வந்துவிட்டுப் போனாள். போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்துப் போனில் பேச்சே வராமல் அழுதாள். யாராவது திட்டினார்களா, வேலை போய்விட்டதா என்று நான் பதறிப்போய் என்னென்னவோ கேட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம். இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்து, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நானும் அழுதேன். பட்டறையில், கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

ஏழாம் மாதம் பிறந்ததும் வேலையை உதறிவிட்டு வந்துவிடுவதாகத்தான் இருந்தாள். அதற்குள் ஸ்கேனில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை முழுசாக அடைத்துக்கொண்டிருக்கிறதாம். ஒரு முறை ரத்தமும் பட்டுவிட்டது. விமானம் ஏறக்கூடாது, படி ஏறக்கூடாது, படுத்தே இருக்கவேண்டும், கடைசியில் ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறாள். அந்த இருவரும் வேலைக்குப் போய்விட்டால் அவளுக்குத் துணை நான்கு சுவர்தான். அவளால் வரமுடியாது. நான்தான் போகவேண்டும்.

என் தொழில் குளிர்சாதன மெக்கானிக். வீட்டு ஃபிரிட்ஜ் இல்லை. மருந்துக் கிடங்கு, இறைச்சிக் கடை, பால் பண்ணை என்று பெரிய குளிர் அறைகள். எங்கே கேஸ் ஒழுகுகிறது என்று சோப்பு நுரை பூசிக் கண்டுபிடித்து, செம்புக் குழாயைப் பற்றவைத்து, மறுபடி கேஸ் ஏற்றி ஓடவிடவேண்டும். பட்டறை மச்சானுடையது. அதாவது என் மனைவியின் அண்ணன். அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அந்த மும்முரத்தில் தனக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டார். எங்கள் கல்யாணம் முடிந்த புதிதில் நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடினார்கள். "நம்ம பட்டறை இருக்கும்போது வெளியில எதுக்கு மாப்பிள்ள?" என்று மச்சான் கூப்பிட்டார். வந்தவன் வந்தவன்தான்.

அவர் என்மேல் வைத்திருக்கிற மரியாதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். என் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. முழங்கை வரை எண்ணெயோடு கம்ப்ரசருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற என்னைப் பார்த்து யாராவது வாடிக்கையாளர் "புது ஆளா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "எங்க மாப்பிள்ளைங்க. வீட்டுல பொழுது போகலைன்னு இந்தப் பக்கம் வந்திருக்காரு" என்பார். பன்னிரண்டு வருஷமாக எனக்கு வீட்டில் பொழுது போகவில்லை.

சம்பளம் என்ற பேச்சு எங்களுக்குள் வந்ததே கிடையாது. மாப்பிள்ளைக்குச் சம்பளம் போடுகிற வீடு எங்கே இருக்கிறது? மேஜை டிராயரின் சாவி என்னிடம். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது. பட்டறையில் இருக்கிற மற்ற இரண்டு ஆட்களுக்கும் பெயர் பதிவு, சம்பளச் சீட்டு, காப்பீடு எல்லாம் ஒழுங்காக உண்டு. எனக்கு மட்டும் எதுவும் கிடையாது. நான்தான் வீட்டு மனுஷனாயிற்றே.

விசா ஆலோசனைக் கடை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. அங்கே இருந்தவர் சாயம் போன சட்டைக்கு மேல் பளபளவென்று ஒரு டை கட்டியிருந்தார். பெயரைச் சொன்னார், மனதில் நிற்கவில்லை. எனக்கு அவர் டைதான். அவர் தலைக்கு மேல் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் அட்டவணை. நாடுகள் வரிசையாக, ஒவ்வொரு நாட்டுக்கும் நேராக விசா வகைகள், பச்சை மஞ்சள் சிவப்பு என்று வண்ணம் பூசி வைத்திருந்தார்.

"சொல்லுங்க சார், நிரந்தரமாத் தங்குற பி.ஆர். பார்க்கிறீங்களா, வொர்க் பெர்மிட் பார்க்கிறீங்களா?"

"பிரசவம் பார்க்கணும்" என்றேன்.

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். நான் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"குடும்ப விசா அவங்க வேலைக்குக் கிடையாது, அதை விட்டுடுங்க. விசிட்டர் விசா மூணு வாரத்துல முடிவு தெரிஞ்சிடும். ஆனா உங்களுக்குத் தர மாட்டாங்க."

"ஏன்?"

"சம்பளச் சீட்டு இருக்கா? வீடு உங்க பேர்ல இருக்கா? வரி கட்டுறீங்களா? ஒண்ணும் இல்ல. பொண்டாட்டி அங்க, பொறக்கப்போற குழந்தையும் அங்க. நீங்க திரும்பி வருவீங்கன்னு அவன் எப்படி நம்புவான்? நானே நம்ப மாட்டேன் சார்."

மனுஷனுக்கு ஒளிவுமறைவே கிடையாது.

குச்சி இன்னொரு நாட்டின்மேல் போய் நின்றது. மதிப்பெண் போடுகிற நாடு. என் தொழிலுக்கு அங்கே பச்சை வண்ணம். வயதுக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு என்று விரல்விட்டுக் கூட்டி, "ஒண்ணரை வருஷத்துல ரெண்டு பேரும் குடும்பமாப் போய் செட்டில் ஆயிடலாம்" என்றார். ஒன்றரை வருஷத்தில் என் பிள்ளை எழுந்து நடக்கும். அப்புறம் வேலை தேடிக்கொள்கிற விசா ஒன்று, சுலபமாகக் கிடைக்கும் என்றார். அதுவும் வேறு நாடு. அங்கிருந்து அவள் இருக்கிற இடத்துக்குப் போக முடியாதா என்று கேட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரல் தூரம்தான் இருந்தது. "அதுக்குத் தனியா ஒரு விசா வேணும் சார்" என்றார். அந்தக் குச்சியைப் பிடுங்கி உடைத்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

கடைசியில் அவர் அவள் இருக்கிற நாட்டுக்கே திரும்ப வந்தார். திறன் தொழிலாளர் விசா. குளிர்சாதன மெக்கானிக்குக்கு அங்கே ஆள் தட்டுப்பாடாம். ஒரு கம்பெனி கூப்பிட்டால் போதும், காகிதங்கள் சரியாக இருந்தால் சில வாரங்களில் கையில் விசா. குடும்பத்தையும் வைத்துக்கொள்ளலாம். அவளைத் தனியாக வா என்று சொன்ன அதே நாடு என்னைக் குடும்பத்தோடு வா என்கிறது. மனிதர்களைத் தூக்குகிறவளுக்கு ஒரு சட்டம், இறைச்சி கெடாமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஒரு சட்டம். எனக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. "இதையே போடுங்க" என்றேன்.

மொழித் தேர்வைத் தட்டுத்தடுமாறித் தாண்டினேன். ஒரு கம்பெனியும் அகப்பட்டது. அவர்களுடைய மேஸ்திரி, செம்பட்டைத் தாடிக்காரர் ஒருவர், வீடியோவில் வந்து ஒரு இணைப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னார். மச்சான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குழாயைத் தேய்த்து, உள்ளே கரி பிடிக்காமல் இருக்க நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு, செம்பு சிவந்ததும் ஒட்டுக் கம்பியை வைத்தேன். ஒட்டு ஒரு சுற்று சீராக ஓடி உட்கார்ந்தது. தாடிக்காரர் கட்டை விரலை உயர்த்தினார். அப்புறம் போனைப் பிடித்திருப்பவர் யார் என்று கேட்டார். "என் முதலாளி" என்று அவர் மொழியில் சொன்னேன்.

"என்ன கேட்டாரு மாப்பிள்ள?" என்றார் மச்சான்.

"வேலை நல்லா இருக்குன்னாரு."

"இருக்காதா பின்ன" என்று மச்சானுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

டை ஓர் அனுபவச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தார். இவர் எங்கள் நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தொழிலாளி என்று ஆங்கிலத்தில் இருந்தது. மச்சானிடம் நீட்டினேன். எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "படிச்சுப் பார்த்துடுங்க மச்சான்" என்றேன். "நீங்க நீட்டுற காகிதத்தைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டா நான் என்ன மனுஷன் மாப்பிள்ள" என்று பேனாவை மூடினார்.

"போன் பண்ணி விசாரிப்பாங்க. உங்க ஓனர்கிட்ட என்ன சொல்லணும்னு சொல்லி வச்சிடுங்க" என்று டை தலைப்பாடாக அடித்துக்கொண்டார். சொல்லத்தான் போனேன். ஒவ்வொரு முறை போனபோதும் அவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்கிற மனிதரிடம் போய், என்னை உங்கள் கூலிக்காரன் என்று சொல்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் வாசலில் நின்றபடியே, "மச்சான், என்னைப் பத்திக் கேட்டு யாராவது போன் பண்ணுவாங்க. கொஞ்சம் நல்லபடியாச் சொல்லுங்க" என்றேன்.

"இதை நீங்க சொல்லணுமா?" என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. அவளுக்கு வயிறு நன்றாகப் பெரிதாகிவிட்டது. தினமும் படுத்தபடியே பேசுவாள். ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்களாம், கணவர் என்று சொல்லி எழுதவைத்துவிட்டு வந்தேன் என்றாள். "எழுதவச்சுட்டேன், இனிமே நீங்க வராம இருக்க முடியாது" என்று சிரித்தாள். ராத்திரி ரத்தம் பட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விளக்கை அணைப்பதே இல்லை என்றும் சொன்னாள். நான் வந்துவிடுவேன், வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முடிவு வந்திருக்கிறது என்று டை கூப்பிட்டார். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். அவர் உட்காரச் சொன்னார். எப்போதும் உட்காரச் சொல்லாதவர்.

"உங்க ஓனர்கிட்ட பேசியிருக்காங்க சார். நீங்க அங்க வேலையே பார்க்கலைன்னு சொல்லியிருக்காரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு?" என்றேன்.

"உங்க மச்சான்தான். சான்றிதழ் பொய்னு முடிவு பண்ணிட்டாங்க. ஏமாத்தப் பார்த்தீங்கன்னு பத்து வருஷத் தடை போட்டிருக்காங்க. அந்த நாட்டுக்கு எந்த விசாவும் இனிமே போட முடியாது. விசிட்டர்கூட."

சுவரில் அட்டவணை அப்படியே இருந்தது, பச்சையும் மஞ்சளுமாக.

பட்டறைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தங்கை வாழ்க்கையைக் கெடுக்க இப்படி ஓர் அண்ணனா, நான் போய்விட்டால் பட்டறை படுத்துவிடும் என்றுதானே இந்தக் காரியம் செய்தார், இத்தனை வருஷ மரியாதையும் வேஷமா என்றெல்லாம். மச்சான் பழைய செம்புக் குழாய்களை நீட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"போன் வந்துச்சா மச்சான்?"

"அட, ஆமா. போன வாரமே வந்துச்சு. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், வேலையில மறந்தே போச்சு. ஒரு பொண்ணு பேசுச்சு. நம்ம பாஷைதான், ரொம்ப மரியாதையாப் பேசுச்சு."

"என்ன கேட்டாங்க?"

"இவர் உங்ககிட்ட சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாரான்னு கேட்டுச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு மாப்பிள்ள. ஏம்மா, அவர் எங்க வீட்டு மாப்பிள்ளை, அவரைச் சம்பளத்துக்கு வச்சு வேலை வாங்குற அளவுக்கா நான் தாழ்ந்து போயிட்டேன்னு கேட்டேன். அது விடலை. திருப்பித் திருப்பி அதையே கேட்டுச்சு. நானும் விட்டுக்கொடுக்கலையே. அவர் இங்க ஒரு வேலையும் பார்க்கிறதில்ல, பார்க்கவும் விடமாட்டேன், அவர் வந்து உட்கார்ந்தாலே பட்டறைக்குக் களைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனதோ.

"நான் உங்க வேலைக்காரன் மச்சான்" என்றேன்.

"என்ன பேச்சு இது?"

"பன்னெண்டு வருஷமா நான் உங்ககிட்ட வேலை பார்க்கிறேன். காலையில வந்து உங்க கதவைத் திறக்கிறேன், உங்க கம்ப்ரசருக்கு அடியில படுக்கிறேன். நான் உங்க வேலைக்காரன். இதைச் சொல்லியிருந்தா இன்னைக்கு எனக்கு விசா வந்திருக்கும்."

உள்ளே இரண்டு ஆட்களும் கையில் இருந்ததை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மச்சான், "ஆளுங்க இருக்காங்க மாப்பிள்ள, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். அப்போதும் அவருக்கு அந்தக் கவலைதான். நான் முழுசாக எடுத்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் இருந்த சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க. நான் மாத்திச் சொல்லிடறேன். இப்பவே போடுங்க" என்று ஒரு குழந்தை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாற்றிச் சொன்னால் போதாதாம். சம்பளம் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும், பெயர் பதிவு வேண்டும் என்றார் டை. எங்கே போவது? யோசித்துப் பார்த்தால் மச்சான் அந்தப் பெண்ணிடம் சொன்னதில் பாதிக்குமேல் உண்மை. சம்பளம் கொடுத்ததில்லை. ஆளாக வைத்துக்கொண்டதில்லை. நாங்கள் நீட்டிய காகிதத்தில் மாதச் சம்பளம் என்று இருந்ததுதான் பொய். "உங்க கோப்புல நல்லவர்னு பார்த்தா அவர் ஒருத்தர்தான் சார்" என்றார் டை. அன்றைக்கு அந்த டையைப் பிடித்து இறுக்காமல் விட்டேனே, அதுவே பெரிய விஷயம்.

அவளிடம் மறைக்க முடியுமா? சொன்னேன். அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். "அவர் வேற என்ன சொல்வாரு" என்றாள். அண்ணனைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை.

"அப்ப நான் தனியாத்தான் பெத்துக்கணும். அப்படித்தானே?"

லைனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில், கூட இருக்கிற பெண்ணிடமிருந்து போன். ரத்தம் நிறையப் பட்டு ஆம்புலன்ஸில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நின்றுவிட்டது, ஆனால் ஆபரேஷன் வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டும், மறுபடி வந்தால் அந்த நிமிஷமே அறுத்து எடுப்பார்கள். "கூட ஒருத்தர் இருந்தா நல்லது அண்ணா. எங்க ரெண்டு பேருக்கும் லீவு தரமாட்டேங்கிறாங்க" என்றாள் அந்தப் பெண்.

திரும்பவும் அந்த மாடிக்கே போனேன். வேறு போக்கிடம் ஏது? கள்ளத் தோணியில் அனுப்புகிறவர்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். டை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அதெல்லாம் பேசாதீங்க. ஒரு விஷயம் சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"உங்க மச்சானுக்குச் சுலபமாக் கிடைக்கும் சார். சொந்தக் கட்டடம், நடக்கிற தொழில், ஒழுங்கா வரி கட்டியிருக்காரு. கூடப் பொறந்த தங்கச்சி ஆஸ்பத்திரியில. விசிட்டர்ல அவசரம்னு போட்டா ஒரே வாரம். சான்றிதழ்ல கையெழுத்து அவருதுதான், ஆனா போன்ல உண்மையைச் சொல்லிட்டாரே, அவர் பேர்ல எந்தக் குத்தமும் இல்ல."

ஒரு வினாடி எனக்கு மச்சான்மேல் வந்த வெறியைச் சொல்லி மாளாது. என் வாய்க்கு எட்டியதைத் தட்டிவிட்டவர், அவர் போகவேண்டுமா? என் இடத்தில் அவர் போய் உட்காரவேண்டுமா? வீட்டுக்கு வந்து பாயில் குப்புற விழுந்து கிடந்தேன். பிறகு அவள் விளக்கை அணைக்காமல் படுத்திருப்பது ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மச்சானிடம் போனேன்.

"நானா? நான் போய் என்ன பண்ணுவேன் மாப்பிள்ள? எனக்குக் குழந்தையைத் தூக்கக்கூடத் தெரியாது. புருஷன் இருக்கிற இடத்துல நான் எப்படிப் போய் நிக்கிறது?" என்று அவர் மறுத்தார். தலை குனிந்தே இருந்தது. அந்தப் பேச்சு நடந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புருஷன் போகமுடியாதபடி பண்ணிட்டீங்க. நீங்களும் போகலைன்னா அவளுக்கு யாரும் இல்ல" என்றேன். கொடுமையான வார்த்தைதான். தெரிந்தேதான் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பட்டறைக் காகிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

அவரை அழைத்துக்கொண்டு விசா அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் அவரிடம் என்னவோ கேட்டிருக்கிறார்கள். நான் வெளியே தெருவில் நின்றேன், என்னை உள்ளே விடவில்லை. "என்ன கேட்டாங்க?" என்றேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்று முடித்துக்கொண்டார். டை சொன்னபடியே ஒரு வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. இவ்வளவு காலம் நான் அலைந்து அலைந்து பார்க்காத அந்த விசாவை மச்சானுடைய பாஸ்போர்ட்டில்தான் முதலில் பார்த்தேன். தடவிக்கூடப் பார்த்தேன்.

விமான நிலையத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். அவர் கால்களில் புது ஷூ, நடை பழகவில்லை. அவளுக்கு ஆபரேஷன் மறுநாள் மாலைக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். காலையில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாக இருக்கும். எந்த வாசல், எந்த மாடி, யாரிடம் என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் போகிற கண்ணாடிக் கதவு வந்ததும் நின்றார்.

"ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ள."

"சொல்லுங்க."

"அன்னைக்கு ஜன்னல்ல கேட்டாங்கல்ல. நீங்க கிளம்பிப் போயிட்டா உங்க பட்டறையை யாரு நடத்துவாங்கன்னாங்க." அவர் தள்ளுவண்டியின் கைப்பிடியை விட்டார். "என் மாப்பிள்ளை இருக்காரு, பன்னெண்டு வருஷமா என்கிட்ட வேலை பார்க்கிறாரு, அவர் இல்லாம அந்தப் பட்டறை ஒரு நாள் ஓடாதுன்னு சொன்னேன். சரின்னு உடனே எழுதிக்கிட்டாங்க."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. கையெடுத்துக் கும்பிடப் போனார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். நாளைக்கு மாலை என் பிள்ளையை முதலில் வாங்கப்போகிற கைகள். பட்டறைச் செம்பின் கறை இன்னும் நகக்கண்ணில் இருந்தது. அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. கதவில் நின்ற காவலர், உள்ளே போகிறவர் யார், போங்கள் என்றார்.

"கையை நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்குங்க மச்சான்" என்றேன். "தலைக்குக் கீழ கை குடுத்துத் தூக்கணும். கழுத்து நிக்காது."